ஒன்ராறியோவுக்கு வரும் திருநர்களுக்கு: சட்டம் எதுவரை கைகொடுக்கும்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாண மனித உரிமைச் சட்டத்தில், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களாகப் பாலின அடையாளமும் பாலின வெளிப்பாடும் 2012இல் சேர்க்கப்பட்டன. வேலை, குடியிருப்பு, சேவைகள், ஒப்பந்தம், தொழிற்சங்கம் என ஐந்து இடங்களில் இந்தச் சட்டம் செல்லும். குடியுரிமையோ பிஆர் கார்டோ (நிரந்தர வதிவிட அட்டை) தேவையில்லை. மாணவர் விசாவில் இருப்பவருக்கும் அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்கும் இதே பாதுகாப்புத்தான். அறுவைச் சிகிச்சை முடிந்திருக்க வேண்டும், ஆவணங்களில் பால் மாறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதுவும் புதிதாக வருபவர்கள் முதலில் போய் நிற்கும் இடத்தில். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வாடகைக்கு விடும் பேஸ்மென்ட் (நிலவறை) அறைகளைச் சொல்கிறோம். வீட்டுச் சொந்தக்காரரோ அவருடைய குடும்பத்தாரோ புழங்கும் சமையலறையை அல்லது குளியலறையை நீங்களும் பகிர வேண்டியிருந்தால், "உங்களைப் போன்றவர்களுக்கு அறை இல்லை" என்று அவர் சொன்னாலும் மனித உரிமைச் சட்டம் தலையிடாது. பொதுவாக வாடகைக் குடியிருப்புச் சட்டமும் அந்த அறையை எட்டாது. அதனால், வெளியேற்றுவதற்கான வழக்கமான நடைமுறைகளும் உங்களைக் காக்காது. தனி வாசல் இருப்பதை வைத்து ஏமாறாதீர்கள். அடுப்பும் குளியலறையும் தனியா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

வேலையிடத்தில், சம்பளப் பட்டியலுக்கும் ரி4 படிவத்துக்கும் (வருமான வரிக்காக முதலாளி தரும் சம்பளச் சான்று) சட்டப்படியான பெயர் தேவை. பெயர் அட்டை, மின்னஞ்சல், ஷிப்ட் அட்டவணை ஆகியவற்றில் நீங்கள் புழங்கும் பெயரைப் போடச் சொல்லலாம். எழுத்தில் கேளுங்கள். ஊழியர்களின் பாலினத்தை முதலாளி தவறாகச் சொல்லி இழிவாகப் பேசிய வழக்கொன்றில், ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயம் 2021இல் மூன்று பேருக்குத் தலா 10,000 டாலர் வழங்கியது. புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்குவது தனிக் குற்றச்சாட்டாகும்.

தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. கடைசிச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். "பார்க்கலாம், மாறிவிடுவார்கள்" என்று காத்திருந்து தேதியைத் தவறவிடுகிறார்கள். வங்கி, விமான நிறுவனம், தொலைபேசி நிறுவனம் ஆகியவை மத்திய அரசின் கீழ் வருவதால், அவற்றின் மீதான புகாரைக் கனடிய மனித உரிமை ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். அங்கும் 12 மாதம்தான். தவறான இடத்தில் போட்டால், அது திரும்பி வருவதற்குள் அந்தக் காலமும் ஓடிவிடும். எங்கே போடுவது என்று குழம்பினால், மனித உரிமைச் சட்ட உதவி மையத்தை அழையுங்கள், ஆலோசனை இலவசம்.

சம்பவம் நடந்த அன்றிரவே தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் என்று எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நீங்களும் பேசும் உரையாடலை மற்றவரின் அனுமதி இல்லாமல் பதிவு செய்வது கனடாவில் குற்றமல்ல.

ஒன்ராறியோ சுகாதார அட்டையில் 2016 முதல் பால் குறிப்பு இல்லை. ஓட்டுநர் உரிமத்தில் ஆண், பெண் என்பதற்குப் பதிலாக 'எக்ஸ்' போடலாம். பெயரை மாற்ற இங்கே 12 மாதம் வசித்திருக்க வேண்டும். மாற்றம் வழக்கமாக அரசிதழில் வெளியாகும். திருநர் என்ற காரணத்தால் வெளியிட வேண்டாம் என்று விண்ணப்பத்தோடே கேட்டுவிடுங்கள். ஊர்க் கடவுச்சீட்டில் பழைய பெயரும் பிஆர் கார்டில் புதிய பெயரும் இருந்தால் விமான நிலைய கவுண்டரில் நிறுத்துவார்கள். பெயர் மாற்றச் சான்றிதழைக் கைப்பையில் வைத்திருங்கள்.

பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சைகள் பலவற்றுக்கு ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் சுகாதாரக் காப்பீடு) பணம் கொடுக்கும், ஆனால் சுகாதார அமைச்சின் முன் அனுமதி வேண்டும். தாய்லாந்தில் செய்துவிட்டு பிறகு பில்லை நீட்டினால் ஒன்றும் கிடைக்காது.

அகதிக் கோரிக்கை வைப்பவர்களுக்குப் பெரிய பயம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாக ஊருக்குச் செய்தி போய்விடுமோ என்பது. விசாரணை சட்டப்படி மூடிய அறையில் நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர். ஆணோ பெண்ணோ, யார் மொழிபெயர்த்தால் உங்களுக்குப் பேச வரும் என்பதை வழக்கறிஞர் மூலம் விசாரணைக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.