கரண்ட் அளக்க எந்த ரெசிஸ்டர்?

பேட்டரி சார்ஜரோ மோட்டார் டிரைவரோ, கரண்ட் அளக்க ஒரு ஷண்ட் ரெசிஸ்டர் வேண்டும். கரண்ட் ஓடும் வழியில் இதை வைத்து, இதன் இரு முனைக்கும் இடையே வரும் வோல்ட்டேஜை அளந்து கரண்ட்டைக் கணக்கிடுவோம். கையில் கிடைத்ததைப் போட்டுவிடாதீர்கள். அதிகபட்சம் 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.1 ஓம் போட்டால் 1 வோல்ட் கிடைக்கும், அளக்கச் சுகம்தான். ஆனால் 10 வாட் வெறும் சூடாகப் போகும். 0.01 ஓம் என்றால் 100 மில்லிவோல்ட், 1 வாட். என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் 3 வாட் தாங்கும் வகைக்கு. மே மாதத்தில் வியாசர்பாடி தகர ஷெட்டுக்குள் மூடிய பெட்டியில் இருக்கப் போகிற பொருள் ஆச்சே!

சரி, இன்னும் குறைத்து 1 மில்லி ஓம் போடலாமா? 10 மில்லிவோல்ட்தான் வரும். இதைப் பெருக்கிக் காட்டும் எல்எம்358 மாதிரி சாதாரண ஆப்-ஆம்ப் சிப்பின் ஆஃப்செட்டே, அதாவது அதன் சொந்தப் பிழையே, சில மில்லிவோல்ட் இருக்கும், அளவை நம்ப முடியாது.

சிலர் செம்புக் கம்பித் துண்டையே ஷண்டாக வைக்கிறார்கள். 25 டிகிரி சூடு ஏறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 சதவீதம் கூடிவிடும். மாங்கனின் என்ற உலோகக் கலவையில் செய்த ஷண்ட் வாங்குங்கள், அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அப்புறம், அளக்கும் ஒயர் இரண்டையும் ரெசிஸ்டரின் கால்களிலிருந்தே தனியாக எடுங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கத்து உப்புக் காற்றில் ஸ்க்ரூ டெர்மினல் பச்சை பூத்துவிடும். ஒயரை டெர்மினலுக்கு அந்தப் பக்கம் எடுத்தால், அந்த இணைப்பின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து கரண்ட்டைக் கூட்டிக் காட்டும்.