பதில் வராத பதிவை மறுபடி அனுப்பும் முன்

காலபோக அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் மாசி மாதம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் கொள்வனவு நிலையத்துக்கு எடைப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். கண்டாவளையிலிருந்து வந்த ஐயா ஒருவர் பற்றுச்சீட்டை என் முன் வைத்து, "பிள்ளை, நான் இறக்கியது பதினெட்டு மூடை. இதில் ஒரு மூடை கூட விழுந்திருக்கிறது" என்றார். தனக்குக் கூடுதலாக வந்ததைத் திருத்தச் சொல்லத்தான் உழவு இயந்திரத்தை வெயிலில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். அவருடைய கொப்பியில் பதினெட்டு எடைகளும் பென்சிலால் வரிசையாக இருந்தன. என் கணக்கில் 64.5 கிலோ கூடியிருந்தது. அது ஏழாவது மூடையின் எடை.

நடந்தது இதுதான். தரவைப் பல கணினிகளில் பிரதியெடுத்து வைக்கும் தரவுத்தளமான கசாண்ட்ராவில் ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதிகள் வைத்து, எழுதும்போது கோரம், அதாவது பெரும்பான்மைப் பிரதிகளின் ஒப்புதல், கேட்டிருந்தேன். பிரதி வைத்திருக்கும் மூன்று கணினிகளில், அதாவது நோட்டுகளில், இரண்டு எழுதியதாகச் சொன்னால்தான் பதிவு உறுதியாகும். அன்று ஒரு நோட் நின்றிருந்தது, இன்னொன்று வட்டு நிரம்பித் திணறிக்கொண்டிருந்தது. ஏழாவது மூடை ஒரு நோட்டில் பதிவாகிவிட்டது. இரண்டாவது பதில் குறித்த நேரத்துக்குள் வரவில்லை, டைம் அவுட் என்று பிழை வந்தது. நான் எழுதிய நிரல் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பியது. பாதியில் நின்ற எழுத்தைக் கசாண்ட்ரா அழித்துவிடுவதில்லை. மொத்த எடையை நான் கவுண்டரில், அதாவது கட்டளைக்குக் கட்டளை கூட்டிக்கொண்டே போகும் எண்ணில், வைத்திருந்தேன். கவுண்டர் முழு எண்ணை மட்டுமே ஏற்கும் என்பதால் கிராமில். 64,500 கூட்டு என்ற கட்டளை இரண்டு முறை போய், இரண்டு முறையும் கூட்டப்பட்டது.

ஆகவே, மறுமுயற்சிக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன்பே பிழைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். வினவலில் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில்) எழுத்துப்பிழை, அனுமதி இல்லை என்பவற்றை எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான், உடனே நிறுத்துங்கள். அன்அவெய்லபிள் என்று வந்தால், போதிய பிரதிகள் உயிரோடு இல்லை என்பதை, நம் கட்டளையை வாங்கி மற்றவற்றுக்கு அனுப்பி ஒருங்கிணைக்கும் நோட் முன்கூட்டியே அறிந்து, எழுதத் தொடங்காமலே திருப்பியிருக்கிறது. சாதாரண எழுத்தாக இருந்தால் வேறு நோட்டிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். வாசிப்பு டைம் அவுட்டும் அப்படியே, இரண்டு முறை வாசிப்பதால் எதுவும் கெடாது. எழுத்து டைம் அவுட்தான் உண்மையான சிக்கல். எழுதப்பட்டதா இல்லையா என்பது அந்தக் கணத்தில் எவருக்கும் தெரியாது.

அந்த இடத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இதே கட்டளை இரண்டு முறை நடந்தால் தரவு கெடுமா? "எடை 64,500" என்று எழுதுவது கெடாது. "64,500 கூட்டு" கெடும். பட்டியலின் கடைசியில் சேர்ப்பது கெடும். சர்வரே புது அடையாள எண் உருவாக்கும்படி விட்ட கட்டளையும் கெடும், ஒவ்வொரு முறையும் புது வரி விழும். கசாண்ட்ராவின் ஜாவா டிரைவர் (நம் நிரலைக் கசாண்ட்ராவோடு இணைக்கும் மென்பொருள்) எந்த வினவலையும், நாம் சொன்னாலொழிய, திரும்பச் செய்யத் தக்கது என்று கொள்வதில்லை. அது சரியான முன்னெச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக அனுமதி கொடுத்துவிடாதீர்கள், வினவல் வினவலாகப் பார்த்துக் கொடுங்கள்.

நான் கவுண்டரைத் தூக்கினேன். இப்போது ஒவ்வொரு மூடைக்கும் ஒரு வரி. வரியைத் தனித்து அடையாளம் காட்டும் சாவியில் விவசாயியின் எண், தேதி, மூடையின் அடையாளம் மூன்றும் இருக்கின்றன. அதே மூடை பத்து முறை வந்தாலும் அதே வரியின் மேல் அதே எடைதான் எழுதப்படும். மொத்தத்தை வாசிக்கும்போது கூட்டிக்கொள்கிறேன். பதினெட்டு வரிகளைக் கூட்டுவது எந்தக் கணினிக்கும் பாரம் இல்லை.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கசாண்ட்ராவில் ஒரே கலத்துக்கு இரண்டு மதிப்புகள் வந்தால் பிந்திய நேர முத்திரை (பதிவோடு போகும் நேரக் குறிப்பு) உள்ளதே நிற்கும். இணைப்பு அறுந்ததால் ஒரு பதிவு மடிக்கணினியில் தேங்குகிறது என்று வையுங்கள். இதற்கிடையில் அலுவலகத்தில் அந்த எடையைத் திருத்திவிடுகிறார்கள். பத்து நிமிடம் கழித்துத் தேங்கிய பதிவு புது நேரத்தோடு போனால் திருத்தத்தை அழித்துவிடும். நேர முத்திரையை எடை விழுந்த கணத்திலேயே எடுத்து, மூடையின் அடையாளத்தோடு சேமித்து, எத்தனை முறை அனுப்பினாலும் அதையே அனுப்புங்கள். மடிக்கணினியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பதையும் அன்றாடம் பாருங்கள். கடிகாரம் முந்தி ஓடினால் திருத்தமே ஏறாது.

அடுத்தது இடைவெளி. சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை முறைவைத்து விடுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்க்காலை வெட்டினால் கடைசி வயலுக்கு ஒன்றும் போகாது. திணறும் நோட்டும் அப்படித்தான். முதல் மறுமுயற்சிக்கு 200 மில்லி விநாடி, பிறகு 400, பிறகு 800 என்று இரட்டித்து, சுழியத்துக்கும் அந்த எல்லைக்கும் இடையில் எழுமாறாக ஒரு நேரம் காத்திருக்கச் செய்யுங்கள். மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒரே ஓர் அடுக்கு மட்டும் மறுமுயற்சி செய்யட்டும்: மடிக்கணினி, இடைச் சர்வர், டிரைவர் மூன்றும் மும்முறை முயன்றால் ஒரு மூடைக்கு 27 எழுத்துகள் போய், ஏற்கெனவே தடுமாறும் நோட்டை மூழ்கடித்துவிடும். ஜாவா டிரைவர் 4இல் வினவலுக்கான 2 விநாடி இயல்புக் கெடு, டிரைவரின் உள் மறுமுயற்சிகளையும் சேர்த்ததுதான் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

சோதிக்க ஒரு மடிக்கணினி போதும். ஒரே கணினிக்குள் பல சர்வர்களைத் தனித்தனியாக இயக்க உதவும் டாக்கரில் மூன்று நோட்டுகள் எழுப்பி, 200 மூடைகளை அனுப்பத் தொடங்குங்கள். நடுவில் இரண்டை நிறுத்தினால் அன்அவெய்லபிள் வரும். நிறுத்தாமல் உறைய வையுங்கள், அப்போதுதான் டைம் அவுட்டைப் பார்ப்பீர்கள். நோட் இறந்துவிட்டது என்று மற்றது முடிவுகட்டச் சில விநாடிகள் ஆகும், அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது. பிறகு உறைவை எடுத்து, தேங்கியவை போய்ச் சேர்ந்ததும் வரிகளை எண்ணுங்கள். 200 இருக்க வேண்டும், 201 அல்ல, 199 அல்ல.

இவ்வளவும் செய்த பிறகும் நிலையத்தில் எனக்கு ஒருமுறை 200 மூடைக்கு 201 வரி வந்தது. காரணம் தரவுத்தளத்தில் இல்லை. டைம் அவுட் ஆனதும் திரையில் "தோல்வி" என்று காட்டியிருந்தேன். அதைப் பார்த்த தராசுக்காரத் தம்பி, பொறுப்போடு, அதே மூடையைத் திரும்பப் பதிந்திருந்தார். அவர் பொத்தானை அழுத்தியபோதுதான் என் நிரல் அடையாளத்தை உருவாக்கியது, ஆகவே அது புது மூடை ஆகிவிட்டது. இப்போது திரை "உறுதிப்படவில்லை, அனுப்பிக்கொண்டிருக்கிறது" என்று காட்டுகிறது. தராசில் எடை நிலைத்ததும் அடையாளம் பிறந்துவிடுகிறது. மூடை தராசை விட்டு இறங்கும்வரை, எத்தனை முறை அழுத்தினாலும் அதே அடையாளம்தான்.