இன்டரப்ட், கேமேப்: டிரைவர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் டிரைவர் எழுத வர்ற புதுப் பசங்களோட கோடைப் பாக்கும்போதெல்லாம், அந்தக் காலத்துல நாங்க அடிச்ச அதே கூத்துதான் திரும்பத் திரும்ப வருது. இன்டரப்ட் ஹேண்ட்லர்ல (டிவைஸ் கர்னலைக் கூப்பிட்டதும் ஓடுற ஃபங்ஷன்) தூங்காதே, மியூடெக்ஸ் எடுக்காதேங்கிறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடுறேன்.

மேப் பண்ண அட்ரஸை சேத்து வைக்கிறது

எனக்கு இன்னிக்கும் கடுப்பேத்துறது இதுதான். ஐஆக்டில்ல (ப்ரோக்ராம் டிரைவரைக் கூப்பிடுற சிஸ்டம் கால்) ஒரு பேஜை (மெமரித் துண்டு) கேமேப்_லோக்கல்_பேஜ் போட்டு மேப் பண்றாங்க, அதாவது கர்னல் தொடுறதுக்கு ஒரு அட்ரஸ் வாங்குறாங்க, கெடைச்ச பாயின்டரை டிவைஸ் ஸ்ட்ரக்ட்ல பத்திரமா வச்சிட்டு, ஃபங்ஷன் முடியிற இடத்துல நல்ல புள்ளையா அன்மேப்பும் பண்ணிட்டு, அப்புறம் இன்டரப்ட் வந்ததும் அதே பாயின்டர்ல எழுதுறாங்க. 64-பிட் லேப்டாப்ல இது ஜம்முனு ஓடும். ஏன்னா அங்க ஹைமெமே (கர்னல்ல நிரந்தர அட்ரஸ் இல்லாத ரேம்) கெடையாது, எல்லா ரேமும் கர்னலுக்கு எப்பவும் மேப் ஆகியேதான் இருக்கு. 32-பிட்ல கதையே வேற. எக்ஸ்86-ல சுமார் 896 எம்பிக்கு மேல இருக்கிற பேஜுக்கு நிரந்தர அட்ரஸே இல்ல, ஒரு ஸ்லாட்ல தற்காலிகமா மாட்டித் தருவாங்க, கழட்டினதும் அதே ஸ்லாட்ல வேற ஒருத்தன் பேஜ் வந்து உக்காந்துக்கும். அன்மேப் பண்ணாம விட்டாலும் தப்பிக்க முடியாது, அந்த டாஸ்க் சிபியுவ விட்டு எறங்கும்போதே கர்னல் கழட்டிடும்.

ஒரு 32-பிட் ஆர்ம் போர்டு, 2 ஜிபி ரேம். சாம்பிள் எடுக்கிற கார்டோட ஃபிஃபோல (வரிசையா சேத்து வைக்கிற சின்ன பஃபர்) இருந்து ஹேண்ட்லர் சாம்பிள் எடுத்து பஃபர்ல போடும். அப்பப்ப நடுவுல வெறும் பூஜ்யமா வருதுன்னு கேபிளை மாத்துனாங்க, கார்டை மாத்துனாங்க. காணாமப் போன சாம்பிள் எல்லாம் எவனோ ஒருத்தனோட லாக் ஃபைலுக்குள்ள கெடந்துச்சு! பேஜ் கேச்ல (ஃபைல் டேட்டாவ கர்னல் ரேம்ல வச்சிருக்கிற இடம்) போய் எழுதியிருக்கு. கிராஷ் ஆகியிருந்தாலாவது பரவால்ல, அடுத்தவன் டேட்டாவ சத்தமில்லாம கெடுத்துட்டுப் போறதுதான் இதுல கொடுமை.

ஸ்ட்ரக்ட்ல வைக்க வேண்டியது பேஜ் பாயின்டரை (ஸ்ட்ரக்ட் பேஜ்), மேப் பண்ணிக் கெடைச்ச அட்ரஸை இல்ல. ஹேண்ட்லருக்குள்ளயே மேப் பண்ணு, எழுது, உடனே கழட்டு. லினக்ஸ் 5.11-ல வந்த இந்த லோக்கல் வகைய இன்டரப்ட்லயும் தாராளமா கூப்பிடலாம், பழைய கேமேப்தான் தூங்கிடும். பஃபரை நீயே அலோகேட் பண்றேன்னா ஹைமெம் ஃப்ளாகே போடாத, இந்தத் தொல்லையே வராது. 64-பிட் எக்ஸ்86 மெஷின்லயே இந்தப் பிழையப் புடிக்கணும்னா கன்ஃபிக்_டீபக்_கேமேப்_லோக்கல்_ஃபோர்ஸ்_மேப் ஆன் பண்ணி ஓட்டு, இதப் பண்றவங்களத்தான் நான் பாத்ததே இல்ல.

அன்மேப் வரிசை

ஒண்ணுக்கு மேல பேஜ் மேப் பண்ணியிருந்தா, கடைசியா மாட்டினதை முதல்ல கழட்டு.

ஷேர்டு லைன்ல பொய் சொல்றது

ஒரே இன்டரப்ட் லைனை பல டிவைஸ் பங்கு போடும்போது, கூப்பிட்டது உன் டிவைஸ் இல்லன்னா ஐஆர்க்யூ_நன்னு சொல்லு. எதுக்கும் இருக்கட்டும்னு எப்பவும் ஹேண்டில்டுனு திருப்புறவங்க இருக்காங்க. லட்சம் இன்டரப்ட்ல 99,900-க்கு மேல யாரும் எடுக்கலன்னா கர்னலே லைனை மூடிடும், நீ பொய் சொன்னா அந்தக் காவலே போச்சு, மாட்டிக்கிட்ட லைன் சிபியுவத் தின்னுக்கிட்டே கெடக்கும்.

சொந்த ஹேண்ட்லர்ல டிசேபிள்_ஐஆர்க்யூ

ஓடிட்டிருக்கிற ஹேண்ட்லர் முடியிற வரைக்கும் இது காத்திருக்கும், அதனால ஹேண்ட்லர் முடியட்டும்னு ஹேண்ட்லரே காத்துக்கிட்டு நிக்கும். காத்திருக்காத டிசேபிள்_ஐஆர்க்யூ_நோசிங்க் போடு.

ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ எப்போ

ஹேண்ட்லரைப் பதிவு பண்ற இத, லாக், பஃபர் எல்லாம் ரெடியான அப்புறம் கூப்பிடு. கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ளயே இன்டரப்ட் வந்து நிக்கலாம்.