போகாஸ்தெல் சிவப்பு ஒயினைத் தேர்ந்து, காத்து, திறக்கும் முறை

தென் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில், ஷத்தோநெஃப் து பாப் பகுதியின் வடகோடியில் உள்ள போகாஸ்தெல் தோட்டத்தின் சிவப்பு ஒயினை வாங்குபவர், லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது அறுவடை ஆண்டையே. 1549இல் பியேர் த போகாஸ்தெல் என்பவர் அங்கே நிலம் வாங்கியதிலிருந்து அதன் வரலாறு தெரியவருகிறது. 1909இல் அதை வாங்கிய பியேர் திராமியேவிடமிருந்து மருமகன் வழியாகப் பெரன் குடும்பத்தின் கைக்கு வந்து, இன்றும் அவர்களிடமே இருக்கிறது.

ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு விடை திராட்சையில் இருக்கிறது. அப்பகுதியில் அனுமதிக்கப்பட்ட 13 வகைகளையும் இவர்கள் வளர்க்கிறார்கள். அண்டைத் தோட்டங்கள் பலவற்றில் கிரனாஷ் ஓங்கியிருக்க, இங்கே தாமதமாகப் பழுத்துத் துவர்ப்பு மிகுந்திருக்கும் மூர்வெத்ர் அதற்கு ஏறத்தாழச் சமமாக, பத்தில் மூன்று பங்கு அளவில் சேர்கிறது. வகைகளைத் தனித்தனியே நொதிக்கவைத்துப் பிறகே கலக்கிறார்கள். நொதிக்கவைப்பதற்கு முன், காம்பு நீக்கிய பழத்தின் தோலைச் சற்று நேரம் மட்டும் ஏறத்தாழ 80 டிகிரிக்குச் சூடாக்கி உடனே குளிரவைப்பது இத்தோட்டத்தின் தனி வழக்கம்; காற்றுபட்டு ஒயின் கெடுவதற்குக் காரணமான நொதிகள் இதனால் செயலிழப்பதால், கந்தகத்தைக் குறைவாகச் சேர்த்தாலே போதுமாகிறது. கலந்த ஒயின் பெரிய ஓக் பீப்பாய்களில் முதிர்கிறது.

மூர்வெத்ரின் துவர்ப்பு அடங்கக் காலம் பிடிக்கும் என்பதால், ஆண்டைப் பார்த்தே திறக்க வேண்டும். பழச்சுவையை விரும்புபவர் முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் திறக்கலாம். பொறுமையுள்ளவர் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் காக்கலாம். இடைப்பட்ட காலத்தில் மணம் ஒடுங்கிக் கிடக்கக்கூடும் என்பதால், அப்போது திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்பதானால், வெளிச்சம் படாத இடத்தில், 12 முதல் 14 டிகிரியில், தக்கை நனைந்திருக்குமாறு புட்டியைக் கிடத்தி வையுங்கள்.

இளம் ஒயினை ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, 16 முதல் 18 டிகிரியில் பரிமாறுங்கள். பழைய புட்டியை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் வண்டல் தங்கியபின் மெல்ல ஊற்றினால் போதும். நீண்ட நேரம் காற்றாட விட்டால் எஞ்சிய மணமும் போய்விடும். பழைய ஆண்டுகளின் சில புட்டிகளில் பதனிட்ட தோல், தொழுவம் போன்ற வாடை எழும். அது ஒருவகை ஈஸ்டின் வேலை. அளவோடு இருந்தால் சிலருக்கு அதுவே பிடித்தமானது. ஈர அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் மட்டும் தக்கை கெட்டது என்று பொருள்.

முதன்முறை வாங்குபவர், தோட்டத்தை ஒட்டிய நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள நிலத்தில் அதே குடும்பம் விளைவிக்கும் கூடுலே த போகாஸ்தெல் ஒயினில் தொடங்கலாம்; அதிலும் மூர்வெத்ர் உண்டு, விலையோ வெகுவாகக் குறைவு.