மடத்து மணிக்குப் பழகுவது எப்படி

பிளஸ் டூவோ கல்லூரிப் படிப்போ முடித்துவிட்டுக் கன்னியர் மடத்தில் சேரவிருக்கும் பெண்ணுக்காகவும், அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது பேருந்து நிலையம்வரை பேசாமல் நடக்கப்போகும் தாய் தகப்பனுக்காகவும் இதை எழுதுகிறேன். திருநெல்வேலிச் சீமையில் நான் இருந்த இல்லங்களில், புதிதாக வரும் கேண்டிடேட் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. வருகிற பிள்ளைகள் எல்லாரும் நீண்ட செபத்தை எண்ணித்தான் பயப்படுகிறார்கள். ஆனால் முதல் ஆறு மாதத்தில் அவர்களைத் திணறடிப்பது செபம் அன்று, ஒவ்வொரு கடமைக்கும் அழைக்கும் மணி. செய்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் விட்டு எழுவது எப்படி என்பதை வீட்டில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நம் வீடுகளில் எடுத்த வேலையை முடிக்காமல் எழுகிற பெண்ணுக்குத் திட்டுதான் கிடைக்கும்.

வருவதற்கு முன்

திருமுழுக்குச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், திருமணம் ஆகாதவர் என்பதற்கான பங்குத்தந்தையின் கடிதம், படிப்புச் சான்றிதழ்கள், ஆதார் அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். திருமுழுக்குச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் வேறுவேறாக இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். வீட்டில் ‘மரிய’ சேர்த்தும் பள்ளியில் சேர்க்காமலும் எழுதியிருப்பார்கள். அதைப் புறப்படும் முன்பே பங்குச்சாமியிடம் காட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். உடல்நிலையையும் மறைக்காதீர்கள். வலிப்போ ஆஸ்துமாவோ இருந்தால் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

கேண்டிடேட், போஸ்டுலன்ட் என்ற தொடக்க நிலைகள், நவகன்னியர் என்ற பயிற்சி நிலை, முதல் வார்த்தைப்பாடு, நித்திய வார்த்தைப்பாடு என்று படிகள் உண்டு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதிதான் வார்த்தைப்பாடு. முதல் இரண்டின் காலம் சபைக்குச் சபை மாறும். அதற்கு மேலுள்ளவற்றுக்கு 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு எல்லை வைத்திருக்கிறது. 17 வயது நிறையாதவரை நவகன்னியர் நிலைக்குச் சேர்க்க முடியாது. அந்நிலை குறைந்தது 12 மாதம் அதற்குரிய இல்லத்திலேயே கழிய வேண்டும்; அதில் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அது செல்லாது, பதினைந்து நாளைத் தாண்டினால் அந்த நாள்களை ஈடுசெய்ய வேண்டும். ‘அக்கா கல்யாணத்துக்கு ஒரு மாதம் அனுப்புவீர்களா?’ என்று கேட்கும் பெற்றோரிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பின் குறைந்தது மூன்று ஆண்டுகள் கழிந்தே, அதுவும் 21 வயது நிறைந்த பிறகே, நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க முடியும்.

இன்னும் இரண்டு செய்திகள் சட்டத்தில் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது தவறு என்பது என் கருத்து. வற்புறுத்தலாலோ அச்சத்தாலோ ஏமாற்றாலோ ஒருவர் நவகன்னியர் நிலைக்குள் வந்தால் அந்தச் சேர்ப்பு செல்லாது. நேர்ச்சை செய்துவிட்டோம், எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும் என்று தாய் சொல்வதும் வற்புறுத்தலின் பக்கத்தில்தான் வருகிறது. அதேபோல, உங்கள் மனச்சான்றைத் தம்மிடம் திறந்து காட்டச் சொல்லி எந்த இல்லத் தலைவியும் கட்டாயப்படுத்த முடியாது. அது சட்டத்தில் வெளிப்படையாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. நீங்களாக நம்பிப் பேசலாம், பேசுவது நல்லதும்கூட. ஆனால் அது உங்கள் விருப்பம்.

நாளின் ஒழுங்கு

பெரும்பாலான இல்லங்களில் ஐந்து மணிக்கு முன்பே எழுப்பும் மணி அடித்துவிடும். தனித்தியானம், காலைச் செபம், பூசை, பிறகு காலை உணவு; அதன்பின் பள்ளி, விடுதி, மருந்தகம், வீட்டு வேலை என்று அவரவர் பொறுப்பு. நண்பகலில் மூவேளை செபமும் சிறிது நேரம் ஆன்ம ஆய்வும், மாலையில் செபமாலையும் மாலைச் செபமும், இரவு உணவுக்குப் பின் எல்லாரும் கூடிப் பேசிச் சிரிக்கும் அரை மணி நேரமும், இரவுச் செபமும் உண்டு. இரவுச் செபம் முடிந்த பிறகு காலைப் பூசைவரை மௌனம். ஓர் அவசரம் என்றால் பேசலாம். பல்லி விழுந்தது அவசரம் ஆகாது.

மணி அடித்தவுடன் எழுவது எப்படி என்றால், அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே கையில் இருக்கும் வேலையை விடக்கூடிய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். துணி துவைக்கிறீர்கள் என்றால் புதிய வாளியை நனைக்காதீர்கள். வினாத்தாள் திருத்துகிறீர்கள் என்றால் அந்தத் தாளின் ஓரத்தில் நிறுத்திய கேள்வி எண்ணைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த பழைய துறவியர், மணியோசையோ கதவு தட்டும் ஒலியோ கேட்டால் எழுதத் தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்தார்கள் என்பது துறவற மரபில் சொல்லப்படும் செய்தி. அந்த அளவுக்கு நான் எவரிடமும் எதிர்பார்த்ததில்லை. ‘இதோ, இந்த ஒன்றை மட்டும்’ என்ற சொல்லைத்தான் எதிர்த்தேன். அந்த ஒன்றை முடித்த பிறகு வேறொன்று நிச்சயம் வரும். விலக்கும் உண்டு: நோயாளிக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கும்போதும், வாசலில் ஒருவர் அழுதுகொண்டு நிற்கும்போதும் மணி உங்களுக்காக அடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் வாரம் வரும்போது இது இன்னும் கடினம். சனிக்கிழமை பன்னிரண்டு பேருக்கு உளுந்தஞ்சோறு பொங்குகிறீர்கள். தொலி உளுந்து வறுத்து, அரிசியும் பூண்டும் வெந்தயமும் போட்டுத் தண்ணீர் வற்றும் தறுவாயில் நண்பகல் மணி அடிக்கும். அடுப்பை அப்படியே விட்டுப் போவது கீழ்ப்படிதல் அன்று, அசட்டுத்தனம். அடுப்பை அணைத்து, மூடியை இறுக்கி, புழுக்கத்திலேயே சோறு பதமாகட்டும் என்று விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்து தேங்காய்ப்பூவைப் போட்டுக் கிளறினால் போதும், எள்ளுத் துவையலைக் காலையிலேயே அரைத்துவைத்திருந்தால். மணிக்கு ஏற்றபடி சமையலைத் திட்டமிடுகிறவள்தான் வாரக்கடைசியில் கோபமில்லாமல் இருக்கிறாள்.

செபக்கூடத்தில் உட்கார்ந்து திருப்புகழ்மாலை சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். திருப்பாடல்களை இரு பக்கமாகப் பிரிந்து மாறிமாறிச் சொல்வோம்; நான்கு வாரத்துக்கு ஒருமுறை சுற்று திரும்பும். அடையாள நாடாக்களை முந்தின இரவே மாற்றிவைத்தால் காலையில் பக்கம் புரட்டும் சத்தம் இருக்காது. வரியின் நடுவில் எல்லாரும் ஒரு மூச்சு நிற்பார்கள்; புதிதாக வருகிறவள் அங்கேதான் முந்திக்கொள்வாள். கடற்கரை ஊர்ப் பெண்ணும் தென்காசிப் பக்கத்துப் பெண்ணும் ஒரே வரியை இரண்டு வேகத்தில் சொல்வதை ஒவ்வொரு ஜூனிலும் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் மூத்த சகோதரியின் குரல் உங்கள் காதில் விழும் அளவுக்கு உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். இரண்டு வாரத்தில் வேகம் தானே படிந்துவிடும்.

பீடத்துத் துணிகள்

பூசைக்கு வேண்டியவற்றை எடுத்துவைக்கும் பொறுப்பு புதியவர்களிடம் விரைவிலேயே வந்துவிடும். அன்றைய திருவுடையின் நிறம் பச்சையா, ஊதாவா, வெள்ளையா, சிவப்பா என்று நாள்காட்டியைப் பார்த்து முந்தின மாலையே எடுத்துவையுங்கள். அப்பங்களை எண்ணி வைப்பதும், நற்கருணைப் பேழை அருகே எரியும் விளக்குக்கு எண்ணெய் பார்ப்பதும் சிறு வேலைகள். துணி துவைப்பதுதான் நிதானமாகக் கற்க வேண்டியது.

திருக்கிண்ணத்துக்கு அடியில் விரிக்கும் சதுரத் துணியில் பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தின் துகள் இருக்கக்கூடும். ஆகவே அதை மற்றத் துணிகளோடு போடக் கூடாது. தனிப் பாத்திரத்தில், சோப்பு இல்லாத தண்ணீரில் முதலில் அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், யாரும் மிதிக்காத இடத்தில் மண்ணில் ஊற்ற வேண்டும். எங்கள் இல்லத்தில் மாதா சுரூபம் வைத்த கெபிக்குப் பின்னால் இருந்த ஓர் அரளிச் செடியின் மூட்டில் ஊற்றுவோம். கிண்ணத்தைத் துடைக்கும் துணிக்கும் இதே முறைதான். அதன்பிறகே சோப்பு, வெயில், இஸ்திரி. சதுரத் துணியை உள்பக்கமாக மூன்றாகவும் குறுக்கே மறுபடி மூன்றாகவும் மடித்தால், விரிக்கும்போது ஒன்பது கட்டங்கள் தெரியும். துகள் உதிர்ந்தாலும் மடிப்புக்குள்ளேயே தங்கும் என்பதற்காக அந்த மடிப்பு. நான் சேர்ந்த முதல் வாரத்தில் இந்தத் துணியையும் எட்டுத் தலையணை உறைகளையும் ஒரே வாளியில் சோப்புத்தூளில் ஊறவைத்துவிட்டேன். வயதான சிஸ்டர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் வாளியைத் தூக்கினார். இருவருமாக அந்த நுரைத் தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு செடி மூட்டில் ஊற்றி முடிக்கும்போது இருட்டிவிட்டது. அந்த அரளி ஒரு மாதம் வாடிக் கிடந்தது.

வெளியே பணிக்குப் போகும்போது

பங்கின் வீடுகளைச் சந்திக்க இருவராகப் போங்கள். நேரம் பார்த்துப் போங்கள். பீடி சுற்றும் வீடுகளில் மதியத்துக்கு முன்பு போனால், மடியில் இருக்கும் தட்டை வைத்துவிட்டு அவர்கள் எழ நேரும். கடையில் எண்ணிக் கொடுக்க வேண்டிய கட்டு அன்று குறையும். நின்றுகொண்டே இருக்காமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். அவர்கள் கை சுற்றிக்கொண்டே இருக்கட்டும், வாய் பேசட்டும். இருபது வயதுப் பெண்ணாக இருந்தாலும் உங்களை ‘சிஸ்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது வயதுக் கிழவி எழுந்து நின்று ‘தோத்திரம்’ சொன்னால், கூச்சத்தோடு தலையாட்டாமல் நீங்களும் கைகூப்பி, அவரை ‘பாட்டி’ என்றே அழைத்து உட்கார வையுங்கள். பணம் கொடுத்தால் வாங்காதீர்கள். தங்கள் வேண்டுதலுக்காகப் பூசை வைக்க என்று கொடுத்தால் பங்கு அலுவலகத்தில் நேரில் கொடுக்கச் சொல்லுங்கள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தால் குடித்துவிடுங்கள். வேண்டாம் என்பது அங்கே வேறு பொருள் தரும்.

அடுத்த வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையினராக இருப்பது நம் சீமையில் எங்கும் உள்ளது. மாதா சுரூபத்தைப் பற்றியும் செபமாலையைப் பற்றியும் அவர்கள் கேட்டால் வாதம் செய்யப் போகாமல், கேட்டதற்கு மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டு நோயாளியை விசாரியுங்கள்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கச் சொன்னால், புனித பிரான்சிஸ் சவேரியாரிடமிருந்து தொடங்குவது எனக்குக் கைவந்த வழி. 1542-இல் கோவாவில் கைமணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியவர் அவர். அந்த ஆண்டே தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்து, உதவிக்கு ஆள் வைத்து விசுவாச அறிக்கையையும் செபங்களையும் தமிழில் ஆக்கி, மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய தமிழ் திருத்தமாக இருந்ததில்லை. வகுப்பெடுக்கப் பயப்படும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் தெம்பு வரும். பெரிய வகுப்பென்றால், வடக்கன்குளத்தில் 1745-இல் திருமுழுக்குப் பெற்று, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் வரலாறு இருக்கிறது. வடக்கன்குளத்துக்கே ஒரு நாள் அழைத்துப் போகவும் செய்யலாம்.

ஏழ்மை வார்த்தைப்பாடு வெளியில் போகும்போதுதான் சோதிக்கப்படும். கையில் கொடுத்த காசுக்குத் தேநீர்ச் செலவுவரை எழுதி, மீதியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத நகரப் பேருந்து வரும்வரை காத்திருக்க நேரம் இருந்தால், பாளையங்கோட்டை போக வேறு வண்டி தேட வேண்டாம். வேலைக்குப் போகும் சகோதரியின் சம்பளமும் சபையைச் சேர்ந்தது. வார்த்தைப்பாடு கொடுத்தவர் தம் உழைப்பால் பெறுவது சபைக்கே உரியது என்பது சட்டம். வீட்டில் தம்பி படிப்புக்கு உங்கள் சம்பளம் உதவும் என்று யாராவது எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை இப்போதே வெளிப்படையாகப் பேசி முடித்துவிடுவது உங்கள் கடமை.

திரும்பிப் போக விரும்பினால் வெட்கப்படாதீர்கள். நவகன்னியர் நிலையில் இருப்பவர் எந்த நாளும் விட்டுப் போகலாம். வார்த்தைப்பாட்டுக்குப் பின் முறைப்படி பிரிந்து செல்பவர் தாம் செய்த பணிக்குக் கூலி கேட்க இயலாது என்றாலும், அவரிடம் நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ளச் சபையைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. என்னிடம் பழகிவிட்டுத் திரும்பிப் போன ஒரு பெண் இப்போது இரண்டு பிள்ளைகளோடு ஆகஸ்ட் 15-க்குக் காமநாயக்கன்பட்டித் திருவிழாவுக்கு வருகிறாள். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிடுவாள்.

மாற்றல் வரும்போது

மாற்றல் கடிதம் பெரும்பாலும் மே மாதத்தில் வரும். நட்ட முருங்கை காய்க்கும் முன்பே, படிப்பித்த பிள்ளையின் தேர்வு முடிவு வரும் முன்பே, வேறு ஊருக்குப் போகச் சொல்வார்கள். ஒரு பெட்டி, ஒரு பை, படுக்கை; அதற்குமேல் சேர்ந்திருந்தால் இல்லத்திலேயே விட்டுவிடுங்கள்.

புறப்படும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, உங்களுக்குப் பின் வருபவருக்காக எழுதிவையுங்கள். சாவிகளுக்கு எண் ஒட்டுங்கள். எந்தச் சாவி மழைக்காலத்தில் இறுகும் என்பதையும் எழுதுங்கள். எரிவாயு உருளை எப்போது பதிவு செய்தது, விடுதியில் எந்தப் பிள்ளைக்கு இரவில் பயம் வரும், மருந்தகத்தில் யார் மாத்திரையைக் கடனாக வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மாதத்தின் முதல் வெள்ளிக்கு நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளைத் தெரு வாரியாகக் குறியுங்கள். நான் கடைசியாக எழுதிய நோட்டில் ஒரு வீட்டுக்கு நேரே இப்படி இருக்கிறது: ‘வேப்பமரத்து வீடு. பாட்டிக்கு வலது காது கேட்காது, இடப்பக்கம் உட்காரவும். மருமகள் காலை பத்து மணிக்குப் பீடிக் கடைக்குப் போய்விடுவார், அதற்கு முன் போகவும். நாய் கடிக்காது.’