கார் பேட்டரியை வீட்டிலேயே மாற்ற: மைனஸ் முதலில் கழலும், மைனஸ் கடைசியில் ஏறும்

செல்ஃப் எடுக்கவில்லை, ‘டக் டக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது என்றதும் பலரும் நேராகப் புதுப் பேட்டரி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் பானெட்டைத் திறந்து, டெர்மினலில் மாட்டியிருக்கும் கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். இறுக்கினாலே வண்டி கிளம்பிவிடலாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி செல்ஃப் போட்டுப் பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட்டோ சற்று மேலேயோ காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி. காலி என்பது வேறு, கெட்டுப்போனது என்பது வேறு. ராத்திரி முழுக்க உள்விளக்கு எரிந்திருந்தால் நல்ல பேட்டரியும் காலையில் படுத்துக்கிடக்கும். சார்ஜரில் முழுதாக ஏற்றிய பிறகும் செல்ஃப் போடும் அந்த ஓரிரு நொடியில் மீட்டர் 9.6-க்குக் கீழே சரிந்தால்தான் மாற்ற வேண்டிய நேரம். எவ்வளவு ஏற்றியும் 10.5 பக்கத்திலேயே நின்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் என்பதால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

இன்ஜின் ஓடும்போதும் ஒரு முறை அளந்துவிடுங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. சில புதிய வண்டிகள் சார்ஜை ஏற்றி இறக்கிக் கொடுக்கும். ஹெட்லைட்டைப் போட்டு, சில நிமிடம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அணைத்து வைத்தபோது இருந்த வோல்ட்டே ஓடும்போதும் மாறாமல் இருந்தால் சார்ஜ் ஏறவில்லை. அப்படிப்பட்ட வண்டியில் புதுப் பேட்டரி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

எந்தப் பேட்டரி வாங்குவது

பழைய பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் வண்டியோடு வந்த கையேட்டையும் பாருங்கள். நான்கு விஷயம் பொருந்த வேண்டும்: வெளி அளவு, எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதைச் சொல்லும் ஆம்பியர்-அவர், குளிர்நிலை ஸ்டார்ட் திறனைச் சொல்லும் சிசிஏ எண், ப்ளஸ் டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. பலர் கோட்டை விடுவது கடைசி விஷயத்தில். லேபிளில் வரும் 38பி20எல், 38பி20ஆர் என்ற மாடல் குறிகள் இரண்டும் ஒரே அளவு, ஒரே திறன். டெர்மினல் மட்டும் இடம் மாறியிருக்கும். தப்பாக வாங்கிவிட்டால் கேபிள் எட்டாது. இழுத்து எட்ட வைக்கிறவர்களும் உண்டு. அந்தக் கேபிள் எங்காவது உரசிக்கொண்டே கிடந்து ஒரு நாள் ஷார்ட் ஆகும்.

டெர்மினலின் தடிமனும் இரண்டு வகை. தடித்த வகையில் ப்ளஸ் சுமார் 19.5 மி.மீ., மைனஸ் 17.9 மி.மீ. மெல்லிய ஜப்பானிய வகையில் 14.7-ம் 13-ம். இரண்டு வகையிலும் ப்ளஸ்தான் தடிமன்; எழுத்து அழிந்துபோன பேட்டரியில் இது உதவும்.

சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைகிற வண்டியா? அதில் பெரும்பாலும், அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைப் பேட்டரிதான் இருக்கும். ஏஜிஎம் இருந்த இடத்தில் சாதாரண ஆசிட் பேட்டரி வைத்தால் சீக்கிரமே உட்கார்ந்துவிடும். புதுப் பேட்டரியின் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். வாங்கும்போதே மீட்டர் 12.4-க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள், இல்லையேல் முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டு மாட்டுங்கள்.

ஸ்பேனரைத் தொடும் முன்

பெரும்பாலான வண்டிக்கு 10 மி.மீ. ஸ்பேனர் ஒன்று, 12 அல்லது 13 மி.மீ. சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், கம்பி பிரஷ், சமையல் சோடா, ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போதும். மோதிரம், கைக்கடிகாரம், உலோகக் காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது; சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், அது ஒரு பொறியிலேயே வெடிக்கும்.

சாவியை எடுத்து வெளியே வைத்துக்கொள்ளுங்கள், டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கரண்ட் இல்லாமல் கதவு பூட்டிக்கொண்டால் உள்ளே கையை விடவாவது வழி வேண்டும். பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டி என்றால் டிக்கி மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியோவுக்கு கோட் இருந்தால் இப்போதே எழுதி வையுங்கள். எல்லாம் அணைத்தபின் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள். உள்ளிருக்கும் மின்னணுப் பெட்டிகள் தூங்கப்போக அவ்வளவு நேரம் எடுக்கும். ஹைபிரிட் வண்டியில் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக் கூடாது, அது 12 வோல்ட் சமாச்சாரம் இல்லை.

கழற்றுவது

முதலில் மைனஸ். காரணம் இது: காரின் பாடி முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. ப்ளஸ் நட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பும்போது அதன் மறுமுனை பேட்டரியை அழுத்திப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையிலோ பானெட் ஓரத்திலோ இடித்தால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பேனர் வழியே பாயும். பளீரென்று பொறி தெறிக்கும், ஸ்பேனர் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு பழுக்கக் காயும். இத்தனைக்கும் ப்ளஸுக்கும் பட்டைக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு சாண் இடம்கூட இருக்காது. மைனஸைக் கழற்றிவிட்டால் பாடிக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. ஸ்பேனர் பாடியில் எங்கே இடித்தாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது இதே காரணத்துக்காக வரிசை தலைகீழாகும்.

நட்டைத் தளர்த்தியதும் கிளாம்பை இடமும் வலமும் திருகி மேலே எடுங்கள். வரவில்லை என்றால் அதன் பிளவில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து லேசாக அகட்டுங்கள். அடியில் நெம்பக் கூடாது. டெர்மினலின் அடிப்பகுதி விரிசல் விட்டு ஆசிட் கசியும். மைனஸ் கிளாம்பில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒட்டியிருந்தால் அது சென்சார். அதைப் பிடித்து இழுக்காதீர்கள். கழன்ற கேபிளைத் துணியில் சுற்றித் தள்ளி வையுங்கள். செட்டிங் அழியாமலிருக்க வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும் மெமரி சேவர் மாட்டியிருந்தால் கழற்றிய ப்ளஸ் கேபிளிலும் கரண்ட் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு ப்ளஸ். அதன் மேல் ஃப்யூஸ் பெட்டி உட்கார்ந்திருந்தால் வளைக்காமல் மொத்தமாகத் தூக்கி ஒதுக்குங்கள். அடுத்து பிடிப்பட்டை, சில வண்டியில் அது பேட்டரியின் அடியில் ஒரு ஆப்புபோல இருக்கும், நீள எக்ஸ்டென்ஷன் அதற்குத்தான். பேட்டரியிலிருந்து வாயுவை வெளியேற்றும் காற்றுக்குழாய் இருந்தால் உருவிவிடுங்கள். பேட்டரியைச் சாய்க்காமல் நேராகத் தூக்குங்கள். 10 முதல் 20 கிலோ வரை கனக்கும், முதுகைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சுத்தம்

அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் இடம் இது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பொடி பூத்த கிளாம்பிலும் பேட்டரி உட்காரும் தட்டிலும் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், பொங்குவது நின்றால் ஆசிட் தீர்ந்தது. கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கிளாம்பின் உள்வளையத்தைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். அந்த மங்கிய படலம் வெறும் 0.01 ஓம் தடை கொடுத்தாலும் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். புதுப் பேட்டரி போட்டும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுவது பல நேரம் இதனால்தான்.

மாட்டுவது

பேட்டரியை இறக்கி, முதலில் பிடிப்பட்டையை இறுக்குங்கள். ஆடிக்கொண்டே ஓடினால் அதிர்வில் உள்ளே தட்டுகள் உதிர்ந்துவிடும். ப்ளஸ், மைனஸ் குறியைப் பேட்டரியிலேயே பாருங்கள், கேபிள் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மாற்றி மாட்டினால் மெயின் ஃப்யூஸ், ஆல்டர்னேட்டர் டயோடு, சில நேரம் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு வரை போகும்.

ப்ளஸ் முதலில். கிளாம்ப் டெர்மினலின் அடிவரை இறங்கட்டும். சுத்தியலால் தட்டி இறக்க வேண்டாம். இறுக்கியபின் கையால் திருகினால் நகரக் கூடாது, அது போதும். மேலும் முறுக்கினால் ஈயம் நசுங்கும், போல்ட் வழுக்கும். கிளாம்பின் வாய் முழுதாக மூடியும் ஆடுகிறதா? டெர்மினல் மெல்லிய வகை. அதற்கென்றே ஈய வளையம் கிடைக்கும். செப்புக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் சூடேறும். கடைசியில் மைனஸ். தொட்டதும் சின்னப் பொறி வருவது இயல்பு. பெரிதாக வந்தால் விளக்கோ வேறு எதுவோ ஆனில் இருக்கிறது, கிளாம்பை எடுத்துவிட்டுத் தேடுங்கள். வாசலினை இறுக்கிய பிறகு மேலே பூசுங்கள். டிக்கியிலோ சீட்டுக்கடியிலோ இருக்கும் பேட்டரி என்றால் காற்றுக்குழாயைத் திரும்ப மாட்டாமல் மூடாதீர்கள், வாயு உள்ளேயே தேங்கும்.

ஸ்டார்ட் செய்து வோல்ட்டை மறுபடி அளந்துவிடுங்கள். ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கலாம், ஓட ஓடச் சரியாகும். கண்ணாடி தானாக மேலே ஏறவில்லை என்றால் பெரும்பாலான வண்டிகளில் முழுதாக ஏற்றி, ஸ்விட்சை விடாமல் சில நொடி பிடித்தால் சரியாகும். ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் இரு பக்கமும் முழுதாகத் திருப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். பிஎம்டபிள்யூ, ஆடி போன்ற வண்டிகள் பலவற்றில் புதுப் பேட்டரியை ஸ்கேனர் மூலம் வண்டிக்கு அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழையதற்குக் கொடுத்த கணக்கிலேயே சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பழையதைக் குப்பையில் போடாமல், நிமிர்த்திய நிலையிலேயே எடுத்துச் சென்று புதிதை வாங்கிய இடத்திலோ மறுசுழற்சிக்கு எடுப்பவரிடமோ கொடுங்கள். வழியில் கையில் ஆசிட் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.