துணி டயப்பரில் காசு மிச்சமாக வேண்டுமா? இவற்றைச் செய்யாதீர்கள்

மாமியார் படுக்கையில் இருந்த வருடங்களில் துணி டயப்பர் தைத்து, துவைத்து, காயவைத்துப் பழகியவள் நான். அதனால் சொந்தத்தில், தெருவில் யாருக்காவது சிறுநீர் அடக்க முடியாமல் போனால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். போகிற வீட்டிலெல்லாம், எங்கள் வீட்டில் ஆரம்பத்தில் நடந்த அதே தவறுகள் அப்படியே நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

சரியான அளவு பார்த்து வாங்க வேண்டும், இறுக்கிக் கட்டக் கூடாது, கையைக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே முழுக்கத் துணிக்கு மாறுவது

பெரியவர்களுக்கான, ஒருமுறை போட்டுத் தூக்கியெறிகிற கடை டயப்பர் ஒன்று 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நான்கு என்றால் 160. மாதம் 4,800. இந்தக் கணக்கைப் போட்டதும் டயப்பரை அடியோடு நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தினால் ராத்திரியில் மெத்தை நனையும், பார்த்துக்கொள்பவருக்குத் தூக்கம் கெடும், சில நாளிலேயே அத்தனை துணியும் மூட்டையாகப் பரணுக்கு ஏறிவிடும்.

பகலில் துணி, இரவில் டயப்பர். இதுதான் நிலைத்து நிற்கும். பகலில் மூன்று டயப்பர் குறைந்தாலே மாதம் 3,600 ரூபாய் தங்கும். அதில் சோப்புத்தூளுக்கும் மின்சாரத்துக்கும் கொஞ்சம் போனாலும் பெரும்பகுதி கையில் மிஞ்சும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளிலும் வயிற்றுப்போக்கு வந்த நாளிலும் யோசிக்காமல் டயப்பரைப் போடுங்கள். மோஷன் அடிக்கடி தண்ணீராகப் போகிறவருக்குத் துணி சரிப்படாது.

துணியை உறிஞ்ச விடாமல் செய்துவிட்டு, துணிமேல் பழி போடுவது

அதிகம் செலவு வைக்கிற தவறு இதுதான். எத்தனை வீட்டில் பார்த்தாலும் எனக்கு இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் நல்ல துணி வீணாகிக் குப்பைக்குப் போகிறது.

பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் நல்ல விலை கொடுத்துத் துணி டயப்பர் செட் வாங்கியிருந்தாள். "அக்கா, மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப போட்ட அஞ்சு நிமிஷத்துல ஓரமா ஒழுகுது. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள். துவைத்து மடித்து வைத்திருந்த, சிறுநீரை உறிஞ்ச உள்ளே வைக்கும் உள்துணி ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, ஒரு ஸ்பூன் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல உருண்டையாக நின்றது. துணியைச் சற்றுச் சாய்த்ததும் உருண்டு ஓரத்துக்குப் போய் மேசையில் விழுந்தது. பெரியவரின் படுக்கையில் நடந்ததும் அதேதான். எட்டு மடிப்புத் துணி இருந்தும் சிறுநீர் உள்ளே போக வழியில்லை.

எப்படித் துவைக்கிறாள் என்று கேட்டேன். வாசனைக்காகக் கடைசி அலசலில் ஃபேப்ரிக் கண்டிஷனர். தோல் சிவக்காமல் இருக்க இடுப்பிலும் தொடையிலும் தாராளமாகத் தேங்காய் எண்ணெய். கறை போக சலவைக் கட்டியை அழுத்தித் தேய்ப்பது. தண்ணீரோ போர் தண்ணீர். ஒவ்வொன்றும் அக்கறையில் செய்தது. ஒவ்வொன்றும் துணியைக் கெடுத்தது.

கண்டிஷனர் துணியை மென்மையாக்குவதே நூலின்மேல் வழவழப்பான ஒரு பூச்சைப் படியவைத்துத்தான். அந்தப் பூச்சு தண்ணீரைத் தள்ளும். தேங்காய் எண்ணெய், வாஸலின், தோலுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பு எல்லாமே உடம்பிலிருந்து துணிக்கு இறங்கி இதையே செய்யும். சலவைக் கட்டியில் கலந்திருக்கும் பொடியும் உப்புத் தண்ணீரின் சுண்ணமும் நூலுக்குள் தங்கிவிடும். துணி காய்ந்ததும் அட்டை மாதிரி விறைப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

இதில் ஒரு சுழற்சி இருக்கிறது. படிந்த அழுக்கோடு சிறுநீரும் தங்குவதால் துணி நாறும். நாற்றம் போக இன்னும் கொஞ்சம் கண்டிஷனர் ஊற்றுவோம். துணி இன்னும் குறைவாக உறிஞ்சும், இன்னும் ஒழுகும், படுக்கை விரிப்பும் சேர்ந்து நாறும். கடைசியில் "துணி நமக்கு ஒத்துவராது" என்று தூக்கிப் போட்டுவிட்டு, முழுக்க டயப்பருக்கே திரும்புவார்கள். செட் வாங்கிய காசும் போச்சு, மாதம் 4,800-ம் போச்சு.

பெரும்பாலும் அந்தத் துணியைக் காப்பாற்றிவிடலாம். உள்துணிகளை மட்டும் தனியே எடுத்து, ஒரு பக்கெட் நல்ல சூடான தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் வாஷிங் சோடா கரைத்துச் சில மணி நேரம் ஊறவையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வாஷிங் சோடா கையை எரிக்கும். தண்ணீர் கலங்கி, மேலே எண்ணெய்ப் பசை மிதக்கும். அதைக் கொட்டிவிட்டு, கொஞ்சமாகச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். அப்புறம் மறுபடி ஸ்பூன் தண்ணீர் சோதனை. உடனே இறங்கினால் துணி பிழைத்தது. இறங்காவிட்டால் இன்னொரு தடவை ஊறவையுங்கள். நீர் புகாத வெளியுறையை மட்டும் இந்தச் சூட்டில் போடாதீர்கள். அதன் உள்பக்கப் படலம் உரிந்துவிடும். இஸ்திரியும் கூடாது.

எண்ணெயோ களிம்போ பூசத்தான் வேண்டுமென்றால் மெல்லியதாகப் பூசி, துணி டயப்பருக்கும் உடம்புக்கும் நடுவில் பழைய மல் துணி ஒன்றை வையுங்கள். எண்ணெய் அதோடு நிற்கும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். தினசரித் துவையலுக்கு வழி எளிது. கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு வெந்நீரும் அளவான சோப்புத்தூளும். போர் தண்ணீர் வீடென்றால் அதில் கொஞ்சம் வாஷிங் சோடா. வாசனை எதுவும் வேண்டாம். சுத்தமான துணிக்கு வாசனை இருக்காது.

பிளீச்சிங் பவுடர்

சிறுநீர்த் துணி ஊறும் பக்கெட்டில் போடவே போடாதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும்.

டஜன் கணக்கில் வாங்குவது

செட்டாக வாங்கினால் விலை குறைவு என்பார்கள். முதலில் இரண்டு மட்டும் வாங்குங்கள், இரண்டும் வேறு வேறு வகையாக. ஆண்களுக்கு முன்பக்கம் நனையும், பெண்களுக்கு நடுவில் நனையும், மல்லாந்தே படுத்திருப்பவருக்குப் பின்பக்கம் போய் இடுப்பு வழியாக ஒழுகும். எங்கே மடிப்பு அதிகம் வேண்டும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இருமினால், தும்மினால் சொட்டுச் சொட்டாகக் கசிகிறவருக்கு முழு டயப்பரே வேண்டாம். உள்ளாடைக்குள் வைக்கும் சின்னத் துணிப் பட்டை போதும்.

வீட்டில் தைப்பவர்கள் புதுத் துணி வாங்காதீர்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், பல முறை துவைத்தால்தான் உறிஞ்சத் தொடங்கும். வருடக்கணக்கில் கட்டிய பழைய நூல் வேட்டிக்கு ஈடு இல்லை. பாலியஸ்டர் கலந்த வேட்டி உதவாது.

ரப்பர் ஷீட்டை உடம்பில் படும்படி விரிப்பது

வேண்டாம். மேலே கனமான பருத்தி விரிப்பு இருக்கட்டும்.

மாற்றுவதில் மிச்சம் பிடிப்பது

துவைக்கும் சுமையைக் குறைக்க, நனைந்த துணியையே இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டும் என்று விடுகிறார்கள். டயப்பரின் உள்ளே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஜெல் இருக்கிறது. துணியில் அது இல்லை, ஈரம் தோலிலேயே நிற்கும். ஊறிய தோல் சின்ன உராய்வுக்கே உரியும். படுத்தே இருப்பவர் என்றால் படுக்கைப் புண்ணுக்கு அது வழி திறந்துவிடும். ஒரு புண்ணுக்குக் கட்டுப்போட ஆகும் செலவில் பல மாத டயப்பர் வாங்கிவிடலாம், அவர் படும் வலிக்கோ கணக்கே கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படியும் புரட்டிப் படுக்க வைக்கத்தான் போகிறீர்கள். அப்போதே தொட்டுப் பாருங்கள், நனைந்திருந்தால் மாற்றுங்கள்.

தண்ணீர் கொடுப்பதைக் குறைப்பது

கொடுமை இது. குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்த்தியாகி மூத்திரப்பையை உறுத்தும், அவசரம் கூடும். மலச்சிக்கல் வந்தால் கசிவும் சேர்ந்து கூடும். மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, பகலில் தாராளமாகக் கொடுங்கள். படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளலாம்.

அவர் காதுபடச் செலவு பேசுவது

பேசாதீர்கள். அதைக் கேட்டுத்தான் அவர் தண்ணீர் வேண்டாம் என்கிறார்.

மழைக்காலத்தை மறந்து தைப்பது

பங்குனி வெயிலில் எதைத் தைத்தாலும் காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், எட்டு மடிப்பாகச் சேர்த்துத் தைத்த பட்டை மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். அதைக் கட்டினால் தொடை இடுக்கில் படர்தாமரைதான். பை போன்ற ஓர் உறை, அதற்குள் மடித்து வைக்க நீளத் துணி என்று தனித்தனியாகத் தையுங்கள். விரித்துப் போட்டால் மின்விசிறிக் காற்றிலேயே காயும். அந்த இரண்டு மாதமும் டயப்பருக்குக் கூடுதலாகக் காசு ஒதுக்கிவிடுங்கள்.

மருத்துவரிடம் காட்டாமலே துணி வாங்குவது

வயதானால் இப்படித்தான் என்று நேராகத் துணிக்கடைக்குப் போகிறவர்களே அதிகம். சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட் வீக்கம், கட்டுப்படாத சர்க்கரை, மலச்சிக்கல், நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரை, இவற்றில் எது காரணமாக இருந்தாலும் மருத்துவம் உண்டு. இடுப்புத் தசைக்கான பயிற்சியிலேயே கசிவு நன்றாகக் குறைந்த பெண்கள் இருக்கிறார்கள். திடீரென்று ஆரம்பித்த கசிவு, எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசுவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.